சுயேச்சையாக நிற்கப்போகும் அண்ணனும் 40 லட்சம் வரம்பும்

உங்கள் அண்ணன் சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்க நினைக்கிறார். ஊரில் தெரிந்தவர்களிடம் பணம் திரட்டலாமா, 40 லட்சத்துக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கும்போது கட்சிக்காரர்கள் கோடிகளை இறைப்பது எப்படி, ஒருவேளை ஊராட்சித் தலைவர் பதவிக்கு நிற்பதுதான் நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. இந்த வரம்பு நிஜமா, இல்லை பேச்சுக்குத்தானா? நிஜம்தான். ஆனால் அது எதை அளக்கிறது என்று தெரியாமல் இறங்கினால், கோடிகளை இறைப்பவர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார், மாட்டிக்கொள்வது உங்கள் அண்ணனாக இருக்கும்.

நான் அரசுத் தணிக்கையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். தேர்தல் வந்தால் எங்களைப் போன்றவர்களைப் பிடித்துச் செலவினக் கண்காணிப்பில் கணக்கீட்டுக் குழுவில் போட்டுவிடுவார்கள். 2011 முதல் 2021 வரை ஐந்து தேர்தல்களில் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். வழக்கறிஞன் அல்ல. சட்டப் பிரிவுகளை ஒரு தணிக்கையாளன் படிக்கிற மாதிரிதான் படித்திருக்கிறேன். வழக்கு, நோட்டீஸ் என்று வந்துவிட்டால் என் பேச்சை நம்பி உட்கார வேண்டாம்.

முதலில் வரம்பு. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77ஆம் பிரிவுதான் எல்லாவற்றுக்கும் வேர். தொகை எவ்வளவு என்பது 1961ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் 90ஆவது விதியில் இருக்கிறது. 2021 தேர்தலின்போது தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளருக்கு 30.80 லட்சம். 2022 ஜனவரியில் அதைப் பெரிய மாநிலங்களுக்கு 40 லட்சமாக உயர்த்தினார்கள். தொகையை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்தப் பிரிவில் இருக்கிற இரண்டு விஷயங்களைத்தான் யாரும் படிப்பதில்லை. ஒன்று, காலம். வேட்பு மனு தாக்கல் செய்த நாளிலிருந்து முடிவு அறிவிக்கிற நாள் வரை ஆகும் செலவுதான் கணக்கு. இரண்டாவது, ஆள். வேட்பாளரோ, தன் சார்பில் செயல்பட அவர் நியமிக்கும் தேர்தல் முகவரோ செய்த செலவு, அல்லது அவர்கள் அனுமதித்துப் பிறர் செய்த செலவு மட்டும்தான் கணக்கு.

காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2021இல் மனு தாக்கல் மார்ச் 12 முதல் 19 வரை, வாக்குப்பதிவு ஏப்ரல் 6, எண்ணிக்கை மே 2. ஆக ஏழு வாரம். நிற்கிற எண்ணம் உள்ளவர் அதற்கு முந்தைய இரண்டு வருஷம் என்ன செய்கிறார் என்று உங்கள் ஊரிலேயே பார்த்திருப்பீர்கள். கோயில் கொடைக்கு மைக் செட்டும் அன்னதானமும், காதுகுத்துக்கு மொய், கபடிப் போட்டிக்கு முதல் பரிசு, பள்ளிக்கூடத்துக்கு மின்விசிறி, பொங்கலுக்குத் தெரு முழுக்க ஃப்ளெக்ஸ். இதில் ஒரு ரூபாய்கூடப் பதிவேட்டில் ஏறாது. முன்கூட்டியே அச்சடித்து வைத்த துண்டறிக்கையை மனு தாக்கலுக்குப் பிறகு விநியோகித்தால் அது கணக்கில் வரும். அன்னதானத்தில் சாப்பிட்டவர் மனதில் தங்கிப்போன பெயர் வராது.

ஆள் என்கிற விஷயம் இன்னும் சுவாரசியமானது. வேட்பாளருக்குத்தான் வரம்பு, கட்சிக்கு வரம்பே கிடையாது. கட்சி தன் செலவு அறிக்கையைச் சட்டமன்றத் தேர்தல் முடிந்து 75 நாளுக்குள் தேர்தல் ஆணையத்துக்குக் கொடுத்தால் போதும், எவ்வளவு என்று யாரும் தடுக்க முடியாது. இதை 1974இல் உச்ச நீதிமன்றம் ஒரு கை பார்த்தது. கன்வர் லால் குப்தா, அமர்நாத் சாவ்லா வழக்கு. டெல்லி சதர் தொகுதியில் ஜெயித்த சாவ்லாவுக்காகக் கட்சி செய்த செலவு அவருக்குத் தெரிந்தே நடந்தது, அவர் அதை மறுக்கவில்லை, ஆகவே அதுவும் அவர் செலவுதான் என்று சொல்லி அந்தத் தேர்தலே செல்லாது என்றார்கள். அதே ஆண்டிலேயே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, கட்சியும் நண்பர்களும் செய்கிற செலவு வேட்பாளர் கணக்கில் சேராது என்று எழுதிவிட்டது. கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழித்து 2003இல்தான் அந்த ஓட்டையைக் கொஞ்சம் அடைத்தார்கள். அதன்படி இப்போது நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவும், எந்த வேட்பாளர் பெயரையும் சொல்லாத பொதுவான கட்சிப் பிரசாரமும் மட்டும் வெளியே நிற்கும். அங்கீகரிக்கப்பட்ட கட்சி 40 நட்சத்திரப் பேச்சாளர்களைக் கொடுக்கலாம். தலைவர் ஹெலிகாப்டரில் வந்து இறங்கும் செலவு கட்சியுடையது. அவர் பேசுகிற மேடையில் வேட்பாளரும் ஏறினால், அல்லது அவர் படமோ பெயரோ அங்கே இருந்தால், கூட்டத்தின் செலவு அவர் தலையில் விழும். பல பேர் ஏறினால் பங்கு பிரியும். சில கூட்டங்களில் வேட்பாளர் மேடைக்குக் கீழே கும்பிட்டபடி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பணிவு என்று நினைத்திருப்பீர்கள், பாதி நேரம் அது கணக்கு.

நண்பர்கள் செலவு பண்ணினால்? வேட்பாளரின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் அவருக்காகச் செலவழிப்பது தனிக் குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தின் 171எச் பிரிவில் அதற்கு அதிகபட்ச அபராதம் 500 ரூபாய். 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 176ஆம் பிரிவு, 10,000 ரூபாய் வரை. ஒரு ஃப்ளெக்ஸ் அடித்து மாட்டும் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மேசையில் இதெல்லாம் எப்படித் தெரியும் என்று ஒரு காட்சி சொல்கிறேன். வேட்பாளருக்கு ஒரு பதிவேடு கொடுப்பார்கள். வெள்ளைத் தாளில் அன்றாடச் செலவு, இளஞ்சிவப்புத் தாளில் ரொக்கம், மஞ்சள் தாளில் வங்கி. எங்களிடம் அதே வேட்பாளருக்கு இன்னொரு பதிவேடு இருக்கும், நிழல் பதிவேடு என்போம். கூட்டம் நடக்கிற இடத்துக்கு வீடியோ குழு போகும். எடுப்பவர் தன் குரலிலேயே "இத்தனை நாற்காலி, இத்தனை வண்டி, மேடை இவ்வளவு நீளம்" என்று சொல்லிக்கொண்டே எடுக்க வேண்டும். ராத்திரி இன்னொரு குழு அதை ஓட்டிப் பார்த்துப் பட்டியல் போடும். டீ, பிரியாணி, சால்வை, பட்டாசு சரம், தாரை தப்பட்டை என எல்லாவற்றுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலர் கட்சிகளைக் கூப்பிட்டுப் பேசி விலைப்பட்டியல் வெளியிட்டிருப்பார். எண்ணிக்கையை விலையால் பெருக்கி நிழல் பதிவேட்டில் ஏற்றுவோம்.

ஒரு தேர்தலில், பெயர் வேண்டாம், பெரிய கட்சி வேட்பாளர் ஒருவரின் கூட்டத்தில் 1,100 நாற்காலி என்று எங்கள் கணக்கு. அவருடைய பதிவேட்டில் 300. கணக்கு காட்ட வந்த பையன் கூச்சமே இல்லாமல், "மத்தவங்க வீட்டிலிருந்து கொண்டு வந்து போட்டு உட்கார்ந்தாங்க சார்" என்றான். படத்தை நிறுத்திக் காட்டினேன். எல்லா நாற்காலி முதுகிலும் ஒரே வாடகைக் கடையின் இரண்டு எழுத்து, வெள்ளைப் பெயிண்டில். பையன் சிரித்துவிட்டான். ஒரு மணி நேரம் வாதாடி 800 நாற்காலி வாடகையை அவர் கணக்கில் சேர்த்தோம், சில ஆயிரம் ரூபாய். வீட்டுக்குப் போகிற வழியில் என் தெருமுனையிலேயே மூன்று பேர் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு டார்ச் வெளிச்சத்தில் டிக் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டுக்குப் பணம் பட்டுவாடா செய்வதற்கு முந்தைய கணக்கெடுப்பு அது. பறக்கும் படைக்குப் போன் பண்ணினேன். அவர்கள் வருவதற்குள் தெருமுனையில் நாய்தான் இருந்தது.

நீங்கள் கோடி என்று சொல்கிற பணம் பெரும்பாலும் இந்த டார்ச் வெளிச்சத்துப் பணம். ஓட்டுக்குக் கொடுக்கிற காசு லஞ்சம், எந்தத் தொகையாக இருந்தாலும் குற்றம், ஆகவே 40 லட்சத்துக்குள்ளும் வராது, வெளியேயும் வராது. பிடிபட்டால்தான் எங்கள் ஏட்டில் ஏறும். 2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு இதற்கு 'ஃபார்முலா' என்றே பெயர் வந்துவிட்டது. பணம் பிடிபட்டு 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்கள் தள்ளிப்போயின. 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் ரத்தானது. 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலையே வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு ரத்து செய்து ஆகஸ்ட் 5ஆம் தேதி மறுபடி நடத்தினார்கள். ஒரு தொகுதிக்கு இத்தனை கோடி என்று டீக்கடையில் துல்லியமாகச் சொல்பவர்களை மட்டும் நம்பாதீர்கள். ரசீது இல்லாத பணத்தைக் கொடுத்தவரே சரியாகக் கூட்டிச் சொல்ல முடியாது, நடுவில் எத்தனை கை மாறியது என்று அவருக்கே தெரியாது. மறைந்த மகாராஷ்டிர பாஜக தலைவர் கோபிநாத் முண்டே 2013இல் ஒரு மேடையில், தன் 2009 மக்களவைத் தேர்தலுக்கு 8 கோடி ஆனது என்று வாய்விட்டுச் சொன்னார். அப்போது வரம்பு 25 லட்சம். தேர்தல் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது, அவர் பதவி அப்படியேதான் இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வரம்பு குறைவு, ஏற்ற வேண்டும் என்று கட்சிகள் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் நான் பார்த்த அறிக்கைகளில் பெரிய வேட்பாளர்கள் வரம்பில் பாதியைத் தாண்டிக் காட்டியது குறைவு. இடைவெளி விட்டு வைப்பார்கள், நாங்கள் நாற்காலி மாதிரி எதையாவது சேர்த்தாலும் உள்ளே அடங்கட்டும் என்று. அப்புறம் டம்மி வேட்பாளர்கள். பெயருக்கு ஒரு சுயேச்சை நிற்பார், அவர் பெயரில் வண்டி அனுமதி வாங்குவார்கள், வண்டியில் பாட்டு வேறொரு சின்னத்துக்கு ஓடும். அந்தச் செலவு டம்மியின் கணக்கில் போகும். வீடியோவில் பிடிபட்டால் உரியவர் கணக்கில் சேர்ப்போம். நான் அப்படிச் சேர்த்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

சரி, வரம்பை மீறினால் என்ன ஆகும்? மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவின்படி அது ஊழல் நடவடிக்கை, தேர்தல் செல்லாமல் போகும். ஆனால் அதைத் தேர்தல் வழக்கு போட்டு உயர் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். வழக்கு போட 45 நாள்தான் அவகாசம். கணக்கைத் தாக்கல் செய்ய வேட்பாளருக்கு 30 நாள். அவர் கடைசி நாளில் கொடுத்தால், எதிராளி அதை வாங்கிப் பார்த்துத் தவறு கண்டுபிடித்து வழக்கு போட இரண்டே வாரம் மிச்சம். இத்தனைக்கும் கணக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், 88ஆவது விதியின்படி கட்டணம் ஒரு ரூபாய். என் மேசைக்கு ஐந்து தேர்தலிலும் அந்த ஒரு ரூபாயோடு வந்தவர் ஒருவர்தான், அவரும் தோற்றவரின் மைத்துனர்.

இன்னொரு பக்கம் அதே சட்டத்தின் 10ஏ பிரிவு இருக்கிறது. இது கணக்கே கொடுக்காதவர்களுக்கு. இதற்கு நீதிமன்றம் வேண்டாம், தேர்தல் ஆணையமே ஆணை போட்டு மூன்று வருஷம் தகுதிநீக்கம் செய்யும். இந்தப் பட்டியலை ஆணையம் வெளியிடுகிறது, எடுத்துப் பாருங்கள். பெயர்கள் பெரும்பாலும் சுயேச்சைகளும் சின்னக் கட்சிக்காரர்களும்தான். டெபாசிட் போன வருத்தத்தில் ஊருக்குப் போனவர்கள், 'நாம செலவே பண்ணலியே, எதுக்குக் கணக்கு' என்று விட்டவர்கள். ஒரு ரூபாய் செலவழிக்காவிட்டாலும் கணக்கு கொடுக்க வேண்டும், பிரசாரத்தைப் பாதியில் நிறுத்தினாலும் கொடுக்க வேண்டும். பொய்க் கணக்கு கொடுத்தாலும் ஆணையம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1990களின் கடைசியில் ஒரு வழக்கிலும், மகாராஷ்டிர முன்னாள் முதல்வர் அசோக் சவாண் வழக்கில் 2014இலும் சொல்லியிருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் உம்லேஷ் யாதவ் என்ற சட்டமன்ற உறுப்பினர், செய்தி மாதிரி வந்த விளம்பரத்தின் செலவைக் காட்டாததற்காக 2011இல் தகுதி இழந்தார். அது அபூர்வம். படிவம் கொடுக்காமல் மாட்டுவது அன்றாடம். ஆணை வரவே ஒன்றிரண்டு வருஷம் ஆகும், மூன்று வருஷம் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும், ஆகவே சரியாக அடுத்த தேர்தலில் வந்து முட்டும்.

இப்போது உங்கள் அண்ணன் பணம் திரட்டுவது. தாராளமாகத் திரட்டலாம், சட்டம் தடுக்கவில்லை. மனு தாக்கலுக்குக் குறைந்தது ஒரு நாள் முன்பாகத் தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். அவர் பெயரில் இருக்கலாம், தேர்தல் முகவரோடு கூட்டாக இருக்கலாம். அண்ணியோடு கூட்டுக் கணக்கு கூடாது, அண்ணியே முகவராக இருந்தாலொழிய. சொந்தப் பணமானாலும் நன்கொடையானாலும் முதலில் அந்தக் கணக்கில் விழுந்து, அங்கிருந்துதான் செலவாக வேண்டும். ஒரே ஆளிடமிருந்து 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது, ஒரே ஆளுக்கு 10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கவும் கூடாது. தேர்தல் முழுவதற்கும் சேர்த்துத்தான் இந்த 10,000, ஒரு நாளைக்கு அல்ல. பந்தல்காரருக்கு மூன்று தவணையாக நாலாயிரம் நாலாயிரமாகக் கொடுத்துவிட்டுத் தப்பித்தோம் என்று நினைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கொடுத்தவர் ஒவ்வொருவரின் பெயரும் முகவரியும் தொகையும் இறுதிக் கணக்கில் வரும், யாரும் பார்க்கலாம். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மளிகைக் கடைக்காரர் ஆளுங்கட்சிக்காரருக்குத் தெரிய வேண்டாம் என்று நினைப்பார், அவரை மாட்டிவிடாதீர்கள்.

வருமான வரி விலக்கு கிடைக்கும் என்று சொல்லி வசூலிக்க வேண்டாம். அந்த விலக்கு கட்சிக்கும் தேர்தல் அறக்கட்டளைக்கும் கொடுப்பதற்குத்தான், தனி வேட்பாளருக்கு இல்லை. 2024 பிப்ரவரி 15இல் உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்த தேர்தல் பத்திரமும் கட்சிகளுக்கானதாகத்தான் இருந்தது. சுயேச்சைக்கு எந்தக் கதவும் திறந்ததில்லை. சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் மாதிரி யாராவது பணம் அனுப்பினால் கவனம். அவர் அந்நாட்டுக் குடிமகனாகிவிட்டிருந்தால் அவர் பணம் வெளிநாட்டுப் பங்களிப்பு, 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி வேட்பாளர் அதைத் தொடவே கூடாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் கதை வேறு. அதையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் திரட்டுவதும் முடியாத காரியம் அல்ல. 2019இல் பீகாரின் பெகுசராய் தொகுதியில் நின்ற கன்னையா குமார், அப்போதைய மக்களவை வரம்பான 70 லட்சத்தை இணைய நன்கொடையிலேயே எட்டினார். ஆனால் அவர் நாடறிந்த முகம், தேர்தலில் தோற்கவும் செய்தார்.

சுயேச்சைக்குச் சில்லறைச் செலவுகளும் கூடுதல். அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு மனுவை முன்மொழிய ஒருவர் போதும், அண்ணனுக்குப் பத்துப் பேர் வேண்டும். கட்சி வேட்பாளருக்கு வாக்காளர் பட்டியல் இலவசம், அண்ணன் காசு கொடுத்து வாங்க வேண்டும். டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால்தான் திரும்ப வரும்.

ஊராட்சித் தலைவர் பதவி வேறு உலகம். அதை நடத்துவது தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம், சின்னமும் கட்சிச் சின்னம் இல்லை. 2019 டிசம்பர் தேர்தலில் வரம்பு இப்படி இருந்தது: வார்டு உறுப்பினருக்கு 9,000, ஊராட்சித் தலைவருக்கு 34,000, ஒன்றிய வார்டுக்கு 85,000, மாவட்ட ஊராட்சி வார்டுக்கு 1,70,000 ரூபாய். தலைவர் பதவிக்கு நின்றவர்கள் காளையை விற்றதையும் மனைவி தாலிக்கொடியை அடகு வைத்ததையும் கண்ணால் கண்டிருக்கிறேன், எல்லோருடைய கணக்கிலும் 34,000க்குள் அழகாக எழுதியிருந்தது. சட்டமன்றத்துக்கு இருக்கிற வீடியோ, நிழல் பதிவேடு அளவுக்குக் கண்காணிப்பு இங்கே கிடையாது. ஆனால் 30 நாளுக்குள் கணக்கு கொடுக்காவிட்டால் மூன்று வருஷம் நிற்க முடியாது என்பது இங்கேயும் உண்டு. எனக்குத் தனிப்பட்ட முறையில், முதல்முறை நிற்பவர் இங்கே தொடங்குவது நல்லது என்று தோன்றும். ஓட்டுப் போடுகிற ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துவிடலாம், நடந்து போக செருப்புத் தேய்மானம்தான். இது என் அபிப்பிராயம், சட்டம் அல்ல.

சட்டமன்றத்துக்கே நிற்பது என்று முடிவானால், கணக்கு எழுத மட்டும் ஒரு ஆளை வையுங்கள், பிரசாரத்துக்குப் போகாத ஆள். அன்றன்றைய செலவை அன்றிரவே எழுத வேண்டும். பிரசார நாட்களில் மூன்று முறை தேர்தல் ஆணையம் அனுப்பும் செலவினப் பார்வையாளர் முன் பதிவேட்டைக் காட்டக் கூப்பிடுவார்கள், போகாமல் இருந்தால் வண்டி அனுமதியே ரத்தாகலாம். அச்சடிக்கும் ஒவ்வொரு துண்டறிக்கையிலும் அச்சகத்தின் பெயரும் வெளியிடுபவர் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள், 127ஏ பிரிவு அது. எங்கள் நிழல் பதிவேட்டில் ஏறிய தொகை தப்பு என்று நினைத்தால் எழுத்தில் மறுப்புக் கொடுங்கள், வாயால் சொன்னது எங்கள் மேசையைத் தாண்டிப் போகாது. முடிவு வந்த 26ஆவது நாள் வாக்கில் இரண்டு கணக்கையும் பொருத்திப் பார்க்கும் கூட்டம் நடக்கும், தோற்றிருந்தாலும் போங்கள். 30ஆவது நாளுக்குள் பதிவேடு, ரசீதுகள், வங்கி விவரம், உறுதிமொழிப் பத்திரம் எல்லாவற்றையும் மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, தேதி போட்ட ஒப்புகைச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். "நாளைக்கு வாங்க, தர்றோம்" என்பார்கள். வராந்தாவிலேயே உட்கார்ந்திருங்கள்.